லாஞ்ச் முடியட்டும்

கல்யாணமான இரண்டாவது வருஷம் என் மனைவி கும்மிடிப்பூண்டியில் வேலைக்குச் சேர்ந்தாள். கரண்டில் ஓடும் லோடு ஆட்டோ தயாரிக்கப்போகிற புதுக் கம்பெனி அது. அதற்கு முன்னால் காக்களூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு வயர் கட்டிக்கொடுக்கும் ஒரு சின்ன இடத்தில் இருந்தாள். எலக்ட்ரானிக்ஸில் டிப்ளமோ முடித்துவிட்டு, நாள் முழுக்க ஒரே நிற வயரை ஒரே ஓட்டையில் சொருகுவது அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. புதுக் கம்பெனியில் பேட்டரி செக்‌ஷனில் எடுத்துக்கொள்கிறார்கள் என்று தெரிந்த அன்று அவள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே பேசினாள், பேசிக்கொண்டே கையைக் கழுவினாள்.

நான் டீசல் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். திருவள்ளூர் மார்க்கெட் பக்கம் ஸ்டாண்டு. காய்கறி, சிமென்ட் மூட்டை, கல்யாண வீட்டுப் பாத்திரம், வீடு மாற்றுகிறவர்களின் பீரோ, கட்டில் என்று எது வந்தாலும் ஏற்றுவேன். குடியிருப்பது திருவாலங்காட்டில், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. ரயில் போகும்போது அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்டால் அவள் உடனே அடுப்பைப் பார்ப்பாள். பால் பொங்குகிற சத்தம் என்று முதலில் நினைத்துக்கொண்டிருந்தாளாம். பழக்கம் அப்படியே நின்றுவிட்டது.

திருவாலங்காடும் கும்மிடிப்பூண்டியும் ஒரே மாவட்டம். ஆனால் ரயிலில் போவதென்றால் பட்டணம் வரைக்கும் போய், பேசின் பிரிட்ஜில் இறங்கி, கும்மிடிப்பூண்டி வண்டிக்குக் காத்திருந்து, மறுபடி வடக்கே ஏற வேண்டும். ஒரு விரல் நுனியிலிருந்து பக்கத்து விரல் நுனிக்குப் போக மணிக்கட்டு வரை இறங்கி ஏறுவதைப் போல. ஆரம்பத்தில் அவள் அப்படித்தான் போய் வந்தாள். விடிவதற்கு முன்னால் கிளம்புவாள். திரும்பி வரும்போது கண் திறந்திருக்கும், ஆனால் நான் சொல்வது எதுவும் காதில் விழாது. தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாள். கடைசியில் சிப்காட்டுக்குப் பின்னால் கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து எடுத்திருந்த வீட்டில் தங்கிக்கொண்டாள். சனிக்கிழமை சாயங்காலம் வருவாள், திங்கட்கிழமை விடியலில் போவாள்.

"பொங்கலுக்கு லாஞ்ச் மாமா. அது வரிக்கும் பல்லக் கடிச்சிக்கினு இருந்துட்டா போதும். அப்புறம் ஷிப்ட்டு வண்டி உடுவாங்களாம். டெய்லி ஊட்டுக்கு வந்துருவேன்" என்றாள்.

வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவருவதைத்தான் கம்பெனியில் லாஞ்ச் என்று சொன்னார்கள். கொஞ்ச நாளில் அது எங்கள் வீட்டு வார்த்தை ஆகிவிட்டது. திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன். லாஞ்ச் முடியட்டும் என்றாள். வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. லாஞ்ச் முடியட்டும். குழந்தை பெற்றுக்கொள்வதைப் பற்றி நான் மெதுவாகப் பேச்சை எடுத்தபோதும், என் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னாள். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பொங்கல் பக்கத்தில்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

பேட்டரி செக்‌ஷனில் உடம்பில் ஒரு பொட்டு உலோகம் இருக்கக்கூடாது. மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். கவனக்குறைவாக ஒரு வளையல் பேட்டரியின் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டுவிட்டால் கை போய்விடும் என்று முதல் நாளே படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்த வாரம் வந்தபோது அவள் தாலிச் சரட்டைக் கழற்றினாள். ஒரு மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு கோத்து வாங்கி வந்திருந்தாள். அதை என்னையே கட்டச் சொன்னாள். கல்யாணத்தன்று சுற்றிலும் ஆட்கள், மேளம், அவசரம். இப்போது வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். மூன்றாவது முடிச்சு சரியாக விழாமல் அவிழ்த்து மறுபடி போட்டேன். அவள் கழுத்தைக் குனிந்தபடியே சிரித்தாள்.

பக்கத்து வீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டு, நகையை அடகு வைத்துவிட்டேனா என்று என்னிடம் கேட்டார். விளக்கிச் சொன்னேன். நம்பியதாகத் தெரியவில்லை.

பொங்கலுக்கு லாஞ்ச் நடக்கவில்லை. பேட்டரிக்குள் வைக்கிற செல் எல்லாம் வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்து துறைமுகத்திலேயே நின்றுவிட்டது. ஏதோ சான்றிதழ் வர வேண்டுமாம். செல் வராமல் பேட்டரி இல்லை, பேட்டரி இல்லாமல் வண்டி இல்லை. வண்டியின் உடம்பு மட்டும் வரிசையாக நிற்கிறது என்று சொன்னாள். அது தீர்ந்தபோது, மோட்டாருக்குள் வைக்கும் காந்தம் கிடைக்காமல் போனது. காந்தத்துக்கு இத்தனை பாடா என்று எனக்கு வியப்பாக இருந்தது. சின்ன வயதில் ரயில் பாதை ஓரத்தில் மண்ணில் காந்தம் இழுத்து விளையாடியவன் நான். அந்தக் காந்தம் வேறு, இது வேறு, ஒரே ஒரு நாட்டுக்காரர்கள்தான் கொடுக்கிறார்கள் என்றாள். பிறகு அரசாங்கத்தின் பாதுகாப்பு விதி மாறியது. ஏற்கெனவே பாஸான பேட்டரியை மறுபடி முதலிலிருந்து சோதிக்க வேண்டும் என்றார்கள்.

ஒவ்வொரு முறை தள்ளிப்போகும்போதும் அவளுக்கு வேலை கூடியது. சனிக்கிழமை வருவது ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆனது. பிறகு அதுவும் நிச்சயமில்லை. ஸ்டாண்டில் மற்றவர்கள் கிரிக்கெட் பார்க்கும்போது நான் போனில் கரண்டு வண்டிச் செய்திகளைத் தேடிப் படிப்பேன். கப்பல், காந்தம், மானியம் என்று எதைப் படித்தாலும், அவள் இந்த வாரம் வருவாளா என்பதற்கு அதில் பதில் இருப்பதுபோல் தோன்றும்.

கும்மிடிப்பூண்டி பக்கம் எந்த லோடு வந்தாலும் எனக்குச் சொல்லுங்கள் என்று ஸ்டாண்டில் சொல்லி வைத்தேன். யாரும் போக விரும்பாத லோடெல்லாம் எனக்கு வந்தது. கவரைப்பேட்டைக்கு ஹாலோ பிளாக், எளாவூருக்கு மெத்தை, ஒருமுறை பந்தல்காரரின் மூங்கில் கழிகள். இறக்கிவிட்டு நேராக அவளுடைய கம்பெனி கேட்டுக்கு எதிரில் இருக்கும் டீக்கடைக்குப் போவேன். பிரேக் நேரத்தில் வெளியே வருவாள். தலையில் தொப்பி அழுத்திய தடம் வட்டமாகத் தெரியும். நாள் முழுக்கக் கையுறைக்குள் இருந்த விரல்கள் வெளுத்து, துணி துவைத்துவிட்டு வந்தவள் கைபோல் சுருங்கியிருக்கும். அந்தக் கையால் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு பேட்டரியைப் பற்றியே பேசுவாள்.

"நம்மளப் பத்தி எதனா பேசும்மா" என்றேன் ஒருநாள்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "நேத்து ஒரு பேட்டரிய தண்ணித் தொட்டில முக்கி எடுத்தோம் மாமா. ஒரு சொட்டு உள்ள போவல" என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். மணி அடித்ததும் பாதி டீயை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். அதைக் குடித்துவிட்டு, காலி வண்டியை ஓட்டிக்கொண்டு திருவள்ளூருக்குத் திரும்பினேன். வழியெல்லாம் பின்னால் தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொண்டே வந்தது.

கத்திரி வெயில் தொடங்கிய சமயத்தில் அவள் போன் செய்தாள். குரலில் புதுத் தெம்பு இருந்தது. நிஜமாக லோடு ஓட்டுகிறவர்களை வைத்து வண்டியைச் சோதிக்கப் போகிறார்களாம். அவள் என் பேரைக் கொடுத்துவிட்டாளாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பி, பெரியபாளையம், வெங்கல், தாமரைப்பாக்கம் வழியாகத் திருவள்ளூர் வரை போய்த் திரும்ப வேண்டும். பேட்டரியின் சூட்டை வழியில் குறித்துக்கொள்ள ஒரு ஆள் பக்கத்தில் உட்காரும். அந்த ஆள் அவள்தான்.

அன்றைக்கு நான் இருப்பதிலேயே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கேட்டுக்கு உள்ளே முதல்முறையாகக் காலை வைத்தேன். வண்டி வெள்ளையாக, பேர் எதுவும் எழுதாமல் நின்றது. பின்னால் மணல் மூட்டைகளை அடுக்கியிருந்தார்கள். சாவியைத் திருப்பினேன். சத்தம் இல்லை. மறுபடி திருப்பப் போனேன். "ஆன் ஆயிடுச்சி மாமா, அவ்ளோதான்" என்றாள். இஞ்சினியர் தம்பி ஒருவர் சிரித்தார்.

காலால் லேசாக மிதித்ததும் வண்டி நகர்ந்தது. அத்தனை மூட்டையோடு அப்படி வழுக்கிக்கொண்டு கிளம்பும் என்று நான் நினைக்கவில்லை. கவரைப்பேட்டை தாண்டியதும் எனக்கு ஒன்று உறைத்தது. என் டீசல் வண்டியில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதென்றால் கத்த வேண்டும். இதில் அவள் மூச்சு விடுவதுகூடக் கேட்டது. மடியில் இருந்த சின்ன கம்ப்யூட்டரைப் பார்த்து நம்பர்களைத் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். நடுநடுவே என்னைப் பார்த்து, "எப்டி கீது?" என்பாள். நல்லா கீது என்பேன். வளைவில் எப்படி, பள்ளத்தில் எப்படி, பிரேக் எப்படி என்று விடாமல் கேட்டாள். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அம்மா மாப்பிள்ளை முகத்தைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

வெங்கல் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டியின் வேகம் தானாகக் குறைந்தது. முன்னால் இருந்த திரையில் மஞ்சளாக ஒரு ஆமைப் படம் வந்தது. சூடு அளவுக்கு மீறிவிட்டால் வண்டி தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ள ஆமை வேகத்துக்குப் போய்விடும், அதைச் சொல்லத்தான் அந்தப் படம். சைக்கிளில் போன ஒரு தாத்தா எங்களை முந்திக்கொண்டு போனார். ஒரு புங்க மரத்தடி வரை உருட்டிக்கொண்டு போனேன். அங்கே நின்றே விட்டது.

அவள் இறங்கி, கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு மூடியைத் திறந்து பார்த்தாள். கம்பெனிக்குப் போன் செய்து நம்பர்களை ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. வண்டியைத் தொடாதே, ஆள் அனுப்புகிறோம் என்று அங்கிருந்து சொன்னார்கள். வர நேரமாகும் என்றார்கள். பிறகு மரத்தடியில் வந்து உட்கார்ந்தாள்.

எதிரில் அறுத்து முடித்த வயல். தூரத்தில் ஒரு பம்புசெட்டில் தண்ணீர் விழும் சத்தம். ரோட்டோரம் நுங்கு விற்றுக்கொண்டிருந்தவரிடம் நுங்கு வாங்கி வந்து, தோலை உரித்து அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. நான் தின்றேன். அந்த நேரத்தில் எனக்கு மனசு நிறைந்திருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மணி அடிக்காது, ரயிலுக்கு ஓட வேண்டாம். மனசில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

"ஒண்ணு சொல்லட்டா, கோவிச்சிக்காத. வண்டி நின்னது எனக்கு நல்லாத்தான் கீது. இம்மா நேரம் உன்கூட ஒக்காந்து எத்தினி நாளாச்சி."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"இது நின்னா லாஞ்ச் தள்ளிப்போவும் மாமா. லாஞ்ச் தள்ளிப்போனா நான் ஊட்டுக்கு வர்றது தள்ளிப்போவும். நீ எதுக்கு சந்தோஷப்பட்ற?"

அவள் சொன்னது சரிதான். ஆனால் அவள் அழுதது வீட்டுக்கு வருவது தள்ளிப்போவதற்காக மட்டும் இல்லை என்று அப்போது எனக்குப் புரிந்தது. வண்டியை அவள் பார்த்த பார்வை அப்படி இருந்தது. ஜுரத்தில் படுத்த பிள்ளையைப் பார்ப்பது போல. அந்தப் பேட்டரிக்குள் இருக்கும் செல்லை எல்லாம் தான்தான் அடுக்கியதாகச் சொன்னாள். ஒவ்வொன்றையும் எடுத்து முகம் பார்த்து வைத்ததாகவும், ஒன்றில் லேசாக நசுங்கல் இருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடும் என்றும் சொன்னாள். "நல்லாத்தான வச்சேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அதுவரை அந்த வண்டியை நான் எனக்குப் போட்டியாகவே நினைத்திருந்தேன். என் மனைவியை என்னிடமிருந்து பிடித்து வைத்துக்கொண்டிருக்கும் ஒரு சாமான். அன்று மரத்தடியில் அது நின்றிருந்த கோலத்தைப் பார்க்க எனக்கும் பாவமாக இருந்தது. மிச்சமிருந்த நுங்கில் ஒன்றை அவள் கையில் வைத்தேன். இந்த முறை தின்றாள்.

கம்பெனி ஆட்கள் வந்து வண்டியைப் பெரிய லாரியில் ஏற்றினார்கள். முன்னால் ஒருவருக்கு மட்டும்தான் இடம் இருந்தது. அவள் ஏறிக்கொண்டாள். நான் பஸ் பிடித்துத் திருவள்ளூர் வந்தேன். கும்மிடிப்பூண்டியில் விட்டிருந்த என் சொந்த வண்டியை எடுக்க மறுநாள் மறுபடி போனேன். அவளைப் பார்க்க முடியவில்லை. உள்ளே வேலை ஓடிக்கொண்டிருந்தது.

தவறு பேட்டரியில் இல்லை என்று பின்னால் தெரிந்தது. பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் ஒரு பெட்டி, காற்றுப் படாத இடத்தில் மாட்டியிருந்ததால் கொதித்துப்போயிருக்கிறது. அதை இடம் மாற்ற வேண்டும் என்றால் அதைத் தாங்கும் சட்டத்தை மாற்ற வேண்டும், அதைச் செய்யும் அச்சைப் புதிதாக உருவாக்க வேண்டும், செய்தபின் மறுபடி சோதிக்க வேண்டும். ஆடி போனது, ஆவணி போனது. மழைக்காலத்துக்குள் எப்படியாவது வெளியே கொண்டுவந்துவிட வேண்டும் என்று மேலே இருப்பவர்கள் குதித்துக்கொண்டிருந்தார்களாம். அந்தக் காலத்தில் எங்களுக்குள் போன் பேச்சுகூடக் குறைந்தது. நான் கூப்பிட்டால் அவள் தூங்கிவிட்டிருப்பாள். அவள் கூப்பிட்டால் நான் லோடு ஏற்றிக்கொண்டு நெரிசலில் இருப்பேன். வீட்டுக்கு வந்தால், கொடியில் அவள் விட்டுப்போன ஒரு துப்பட்டா தொங்கிக்கொண்டிருக்கும். அதை மடித்து வைக்க எனக்கு மனசு வரவில்லை. மடித்தால் அவள் வெளியூர் போய்விட்டவள் ஆகிவிடுவாள்.

கடைசியில் லாஞ்ச் நடந்தது. பந்தல், பூ, பெரிய திரை எல்லாம் வைத்துச் செய்தார்கள். குடும்பத்தாரைக் கூப்பிடவில்லை. நான் ஸ்டாண்டில் உட்கார்ந்து போனில் பார்த்தேன். கேமரா வேகமாக ஒரு பக்கம் திரும்பியபோது, ஓரத்தில் யூனிபார்ம் போட்ட பெண்கள் வரிசையாக நின்று கை தட்டினார்கள். அதில் ஒரு முகம் அவளுடையது. நிறுத்திப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினேன். எது உன் சம்சாரம், எல்லாரும் ஒரே மாதிரி தொப்பி போட்டிருக்காங்களே என்றார்.

அந்த வாரமே அவள் வந்துவிட்டாள். நான் நினைத்திருந்ததைவிட அதிகமாகவே வந்தாள். எதிர்பார்த்த அளவுக்கு ஆர்டர் வரவில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் வண்டி நன்றாக இருக்கிறது என்பார்களாம், எங்கே சார்ஜ் போடுவது என்று கேட்பார்களாம், பிறகு வருகிறோம் என்று போய்விடுவார்களாம். பேட்டரி செக்‌ஷனில் அவளையும் சேர்த்துப் பாதிப் பேரை, ஆர்டர் வந்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நாமே ஒன்று எடுத்து ஓட்டலாம் என்று அவளுக்கு ஆசை. எனக்கும் ஆசைதான். அந்த வண்டியில் அவள் மூச்சு கேட்டது எனக்கு மறக்கவில்லை. ஆனால் சார்ஜ் போட வண்டி நிறுத்துமிடத்துக்குத் தனியாகக் கரண்டு லைன் இழுக்க வீட்டு ஓனர் சம்மதிக்க வேண்டும். அதே காம்பவுண்டில் குடியிருக்கும் அவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், நல்ல மனிதர். ஸ்கூட்டர் தீப்பிடித்து எரியும் வீடியோ எதையோ பார்த்திருந்தார். இவள் அவர் முன்னால் உட்கார்ந்து, செல் என்றால் என்ன, எதனால் தீப்பிடிக்கும், எதனால் பிடிக்காது என்று பொறுமையாகச் சொன்னாள். முழுவதையும் கேட்டுவிட்டு அவர், "நீ சொன்னா கரெக்ட்டாத்தாம்மா இருக்கும். ஆனா வேணாம்மா" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது. டீசல் வண்டியே தொடர்ந்தது.

வீடு நிறைந்திருந்தது. காலையில் நாஷ்டா ஆவி பறக்கக் கிடைத்தது. தாலிச் சரடு பழையபடி அவள் கழுத்துக்கு வந்தது. வெள்ளையடித்தோம். திருத்தணிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டேன். நான் ஆசைப்பட்டதெல்லாம் நடந்தது. ஆனால் துணி காயப்போடும்போது அவள் கை பாதியில் நின்றுவிடும். ஏதாவது சாமான் வாங்கி வந்தால் அதன் மூடி எப்படிப் பொருந்துகிறது என்று விரலால் தடவிப் பார்ப்பாள். என்னம்மா என்று கேட்டால், ஒன்றுமில்லை என்பாள். அந்த முகத்தை நான் அறிவேன். கும்மிடிப்பூண்டி டீக்கடையிலிருந்து காலி வண்டியோடு திரும்பும்போது என் கண்ணாடியில் நான் பார்த்த முகம் அது.

மழை ஓய்ந்த ஒரு காலையில் இருவரும் திருவள்ளூர் மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளை லோடு ஆட்டோ வாழைத்தார் ஏற்றிக்கொண்டு சத்தமில்லாமல் போனது. அவள் என் தொடையில் தட்டினாள். பின்னாலேயே போனேன். மார்க்கெட்டில் அது நின்றதும், நான் வண்டியை நிறுத்துவதற்கு முன்னாலேயே இறங்கிப் போய்விட்டாள். ஓட்டி வந்தவர் செவ்வாப்பேட்டைக்காரர், வயதில் என்னைவிடப் பெரியவர். யாரோ ஒரு பெண் வந்து தன் வண்டிக்கடியில் குனிந்து பார்ப்பதைக் கண்டு திகைத்துப்போனார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"நீ செஞ்சதாம்மா இது?" என்று கேட்டார்.

"பேட்டரி மட்டும்ண்ணா. மழைல ஓட்னீங்களா?"

"ஓட்டாம இன்னா. போன வாரம் சுரங்கப்பாதைல முட்டி வரிக்கும் தண்ணி. பின்னால வந்த டீசல் வண்டிலாம் நின்னுபோச்சி. இது போயிடுச்சி. ஆனா ஒரு பேஜாரு, சத்தமே இல்லையா, ஆளுங்க ஒதுங்க மாட்டேன்றாங்க. ஆரன் அடிச்சிக்கினே போவ வேண்டியதா கீது."

சார்ஜ் எங்கே போடுகிறார் என்று கேட்டாள். மச்சான் வைத்திருக்கும் மாவு மில்லில் போடுவதாகச் சொன்னார். மச்சானோடு சண்டை வந்தால் வண்டி நின்றுவிடும் என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் விசாரித்துக்கொண்டிருந்தாள். கிளம்பும்போது பேட்டரிப் பெட்டியின் விளிம்பில் ஒட்டியிருந்த சேற்றைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். அந்த மனிதர் சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பிக் கிளம்பினோம். என் வண்டிச் சத்தத்தில் அவள் பேசியிருந்தாலும் கேட்டிருக்காது. ரயில்வே கேட்டில் நின்று இஞ்சினை அணைத்தபோதுதான் கேட்டாள்.

"மறுபடி கூப்ட்டா, போவட்டா மாமா?"

"போ" என்றேன்.

"யோசிக்கவே இல்லியே நீ."

"யோசிச்சா சொல்ல மாட்டேன்."

அவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ரயில் போய் கேட் திறந்தும் நான் உடனே வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஆரன் அடித்தார்கள்.

தை மாசத்தில் கூப்பிட்டார்கள். ஒரு கூரியர் கம்பெனி மொத்தமாக வண்டி கேட்டிருக்கிறதாம். இப்போது அவளுக்குக் கீழே புதிதாகச் சேர்ந்த பெண்கள் வேலை பார்க்கிறார்கள். தினமும் வீட்டுக்கு ஷிப்ட்டு வண்டி என்று சொன்னது இன்னும் வரவில்லை. சனிக்கிழமை மட்டும் கம்பெனி வேன் பெரியபாளையம் வரைக்கும் கொண்டுவந்து விடுகிறது. நான் அங்கே போய் நின்றுகொள்கிறேன். குழந்தையைப் பற்றி அவளாகவே இப்போது பேசுகிறாள். பிறந்தால் யார் பார்த்துக்கொள்வது, எந்த ஊரில் இருப்பது என்று பேச்சு எங்கெங்கோ போய் நிற்கிறது. இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. வாரம் முழுக்க அந்தப் பேச்சை நான் தனியாகத் தொடர்ந்துகொண்டிருப்பேன், லோடு ஏற்றும்போதும் இறக்கும்போதும். அவளுக்குப் பதிலாக நானே பதிலும் சொல்லிக்கொள்வேன்.

போன சனிக்கிழமை வேன் தாமதமாக வந்தது. இறங்கி வந்து என் வண்டியில் ஏறியதும், கதவில் தலையை வைத்து அவள் தூங்கிப்போனாள். வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தபோது வெளிச்சம் மிச்சமிருந்தது. வண்டி நின்றது, ஆனால் இஞ்சினை நான் அணைக்கவில்லை. அந்த உறுமலிலும் நடுக்கத்திலும்தான் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அணைத்தால் விழித்துக்கொள்வாள். வீட்டு ஓனர் வெளியே வந்து, எதுக்குப்பா சும்மா டீசலை எரிக்கிறே என்று கையாலேயே கேட்டார். நான் உதட்டில் விரலை வைத்துக் காட்டினேன். அவர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகப் போய், சத்தம் வராமல் கேட்டைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போனார்.